கோப்பிக் காசில் எழுந்த வெள்ளை மாளிகை
மலைநாட்டுத் தடங்கள் – தொடர் 14

நானுஓயாவில் புறப்பட்டு நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய சின்ன ரயிலோடு சென்ற இதழில் பயணம் செய்தோம். இந்த இதழில் மலையை விட்டு இறங்கிக் கொழும்புக்குப் போகவேண்டியிருக்கிறது. மலையகச் சரித்திரம் எழுதுகிறவர் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஏன் போகவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்தில் நமது பங்கு இருக்கிறது. ஆகவே போகத்தான் வேண்டும்.

கந்தப்பளைப் பிள்ளைகளுக்குக் கிரகரி என்ற பெயர் நுவரெலியா வாவியால் பழகிப்போன பெயர். 1873இல் அந்த வாவியை உண்டாக்கிய தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரிதான் கொழும்பு நூதனசாலையையும் கட்டுவித்தவர். நூதனசாலையின் முன்முற்றத்தில் இன்றும் அவருடைய சிலை நிற்கிறது. அயர்லாந்துக்காரர். 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்டார். இங்கே வருமுன்பு லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தவர். கலைப்பொருள்களின் அருமை தெரிந்தவர்.

அவருடைய வாழ்வில் இன்னொரு பக்கமும் உண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1847இல், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு விதியைச் சேர்க்கச் செய்தவர் இளம் உறுப்பினரான இதே கிரகரி. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்குப் பஞ்ச நிவாரணம் கிடையாது என்பதே அந்த விதி. உயிர் பிழைக்க ஏராளமானோர் நிலத்தைக் கைவிட்டார்கள். அயர்லாந்தின் சரித்திர நூல்களில் அந்த விதிக்கு இன்றளவும் அவர் பெயர்தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுத்து வருகிறேன்.

ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளை 1845இல் தொடங்கியது. தான் சேர்த்துவைத்த கற்கள், நாணயங்கள், ஏடுகள், உயிரினங்கள் எல்லாவற்றையும் வைக்க நிரந்தரமான இடம் வேண்டும் என்று அது கேட்டுவந்தது. கிரகரி வந்த ஆண்டிலேயே அந்தக் கோரிக்கையைக் கையிலெடுத்துச் சட்டநிரூபண சபையில் முன்வைத்தார். பணத்துக்குப் பஞ்சமில்லை. கோப்பி ஏற்றுமதி உச்சத்தில் இருந்த காலம் அது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் இலைநோய் தலைகாட்டியிருந்தாலும் விலை நன்றாக இருந்ததால் அதன் கேடு உடனே உறைக்கவில்லை. வீதிகள், பாலங்கள், ரயில், கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு என்று அரசாங்கம் தாராளமாகச் செலவழித்த ஆண்டுகள் அவை. அந்தத் தாராளத்தின் ஒரு பகுதிதான் வெள்ளை நிறத்தில் நீண்டு நிற்கும் இந்த மாளிகை.

வரைபடம் போட்டவர் பொதுவேலைகள் திணைக்களத்தின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மித்தர். இத்தாலியப் பாணி. கட்டி எழுப்பியவர் அரசி மரைக்கார் வாப்புச்சி மரைக்கார் என்ற கொழும்பு முஸ்லிம் ஒப்பந்தக்காரர். காலிமுகத்திடல் ஹோட்டல், கோட்டையில் பழைய தபாற் கந்தோர், புறக்கோட்டையில் பழைய நகர மண்டபம் ஆகியவையும் அவர் கைவேலை என்பார்கள். வேலை முடிந்ததும் என்ன சன்மானம் வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இந்த நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று மரைக்கார் கேட்டுக்கொண்டாராம். கொழும்பு முஸ்லிம்களிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை இது.

கட்டடம் 1876இல் முடிந்தது. 1877 ஜனவரி முதலாந் தேதி பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஒரு தேதியை மலையக வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நாளில் டில்லியில் பெரிய தர்பார் கூட்டி விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார்கள். அதே நாள்களில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் ஊர் ஊராகச் சாய்த்துக்கொண்டிருந்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் கங்காணிகளின் பின்னால் கடற்கரைக்கு நடந்தன. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுப்பாதையில் மாத்தளைக்கு மறுபடி நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. அயர்லாந்துப் பஞ்சத்தில் தன் பெயரைப் பதித்த மனிதர் தேசாதிபதியாக இருக்கும் தீவுக்கு, இன்னொரு பஞ்சம் மனிதர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. 1877இல் வந்திறங்கியவர்களின் தொகை முந்திய ஆண்டுகளைக் காட்டிலும் மிக அதிகம். அவர்களுக்கு முன்னே இதே பாதையில் வந்தவர்கள் பறித்த கோப்பிப் பழம் கஜானாவுக்குப் போயிற்று. கஜானாவிலிருந்து இந்தக் கூடங்கள் எழுந்தன.

தொடக்க காலத்து நூதனசாலையில் கலைப்பொருளுக்கு இருந்த இடம் கொஞ்சம்தான். முதல் பணிப்பாளர் ஹாலி ஓர் உயிரியல் அறிஞர். பாம்பும் மீனும் பறவையும் அலமாரிகளை நிறைத்தன. 1870இல் நிறுவிய அரசாங்கக் கீழைத்தேய நூலகமும் இங்கே வந்து சேர்ந்தது. ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1885 முதல் இலங்கையில் அச்சாகும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இந்த நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. மலையகத்தைப் பற்றி ஆராய வருகிற இளைஞர்கள் முதலில் தட்டவேண்டிய கதவு அந்த நூலகம்தான் என்பது என் அபிப்பிராயம். கண்காட்சிக் கூடங்களில் நமக்குக் கிடைக்காதது அந்தக் கடதாசிக் கட்டுகளில் கிடைக்கும்.

நூதனசாலையைக் கலைக்கூடமாக உயர்த்தியவை பொலன்னறுவையிலிருந்து வந்த செப்புப் படிமங்கள். சோழர் 993 அளவில் இலங்கை மீது படையெடுத்து, அநுராதபுரத்தைக் கைவிட்டுப் பொலன்னறுவையைத் தலைநகராக்கினார்கள். ஜனநாதமங்கலம் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தும்வரை அந்த ஆட்சி நடந்தது. அதன் பிறகும் அங்கே சிவ வழிபாடு அற்றுப்போகவில்லை. 1907இல் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் சிவாலய இடிபாடுகளைத் தோண்டியபோது நடராசரும் பார்வதியும் சமயக் குரவர்களும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தார்கள். தமிழ்நாட்டில் வார்த்துக் கொண்டுவந்தவையா, பொலன்னறுவையிலேயே வார்த்தவையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்திருக்கலாம் என்று சொல்பவர்களின் பக்கம் என் மனம் சாய்கிறது.

நடராசரின் முன்னால் எல்லோரும் நிற்பார்கள். நான் உங்களை அழைத்துப்போக விரும்புவது காரைக்கால் அம்மையாரிடம். சின்ன உருவம்தான். அமர்ந்திருக்கிறார். கழுத்தெலும்பும் விலா எலும்பும் துருத்துகின்றன; மார்பு வற்றித் தொங்குகிறது; கைகளில் தாளம். அழகும் சதையும் வேண்டாம், பேயுருவைத் தா என்று இறைவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, கயிலைக்குத் தலையால் நடந்தவர் அவர். பிறகு திருவாலங்காட்டில் கூத்தன் காலடியில் பாடியபடியே இருந்துவிட்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. வார்த்த சிற்பிக்கு இந்தக் கதை மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது. எலும்பைக் காட்டினாலும் அருவருப்பைக் காட்டவில்லை. வாய் பாட்டில் லயித்திருக்கிறது. மெலிந்த பெண்ணுடலை இவ்வளவு மரியாதையோடு வார்த்த கையை எண்ணி நெடுநேரம் அங்கேயே நிற்கலாம். பக்கத்தில் மணக்கோலத்துச் சுந்தரர் இளமை ததும்ப நிற்கிறார். திருமணப் பந்தலில் ஓலையோடு வந்து வழக்காடிய கிழவர் யாரென்று புரிந்த கணம்தானோ என்று நினைக்கவைக்கும் முகம்.

இந்தப் படிமங்களை உலகுக்கு அறியச் செய்ததில் இரண்டு தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. நூதனசாலை திறந்த அதே 1877இல், ஆகஸ்டில், கொழும்பில் பிறந்தவர். நிலவியல் படித்துவிட்டுக் கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கை வந்து, மலைநாட்டுக் கிராமங்களில் கைவினைஞர்களைக் கண்டு கலைவரலாற்றுக்குத் திரும்பியவர். கண்டிக் காலக் கலைகளைப் பற்றி 1908இல் பெருநூல் எழுதினார். 1914இல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை நூதனசாலையே வெளியிட்டது. பிறகு பாஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போய் 1947இல் காலமாகும்வரை அங்கேயே இருந்துவிட்டார். நமது தேசிய கலாபவனம் இருக்கும் வீதிக்கு இன்று அவருடைய பெயர்.

மற்றவர் அவருடைய மைத்துனர் முறையான சேர் பொன்னம்பலம் அருணாசலம். பொலன்னறுவைப் படிமங்களையும் சிவ வழிபாட்டின் குறியீடுகளையும் விளக்கி ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் சஞ்சிகையில் 1917இல் நீண்ட கட்டுரை எழுதினார். சமய மொழியும் கலை மொழியும் ஒன்றாகக் கலந்த எழுத்து. அடுத்த இரண்டாண்டில் அவர் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவினார். பெரி. சுந்தரம் போன்ற மலையகத்து இளைஞர்கள் அவரோடு நின்றார்கள். தோட்டத்து வேலையை விட்டுப்போனால் சிறை என்ற சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கடன் தீர்ந்தது என்று தொரை எழுதிக்கொடுக்கும் துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போகமுடியாத காலம் அது. சிறைத் தண்டனையும் துண்டு முறையும் 1921இல் ஒழிந்தன. நடராசரின் தூக்கிய திருவடி ஆன்மாவின் விடுதலையைக் குறிக்கிறது என்பது சைவர் கொள்கை. அந்தப் படிமத்தை விளக்கிய பேனாதான் லயத்து மனிதனின் விடுதலைக்கும் மனு எழுதியது. நூதனசாலைச் சரித்திரத்தையும் நமது சரித்திரத்தையும் முடிபோடுகிற ஆள் யாரென்று கேட்டால் நான் அருணாசலத்தைத்தான் சொல்வேன்.

இன்னொரு பொருள், காலியில் கிடைத்த மும்மொழிக் கல். 1911இல் டொமலின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தார். எழுத்துப் பக்கம் கவிழ்ந்தபடி ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது, தேதி 1409. தலைப்பகுதியில் இரண்டு பறவைநாகங்கள். கீழே சீனம், தமிழ், பாரசீகம். சீன வாசகம் புத்தருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமிய முறைக்கும், தமிழ் வாசகம் தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்ட தேனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்றிலும் ஏறத்தாழ ஒரே பட்டியல். 600 ஆண்டுகளுக்கு முன்பு தூரதேசத்துப் பேரரசர் ஒருவர் இந்தத் தீவின் தென்கோடியில் தமிழிலும் பேசவேண்டும் என்று கருதியிருக்கிறார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் தரைமட்டமாக்கினார்கள். கல் மட்டும் மிஞ்சியது. எழுத்துகள் பெரிதும் தேய்ந்துவிட்டன. ஆனாலும் தமிழ் எழுத்தின் வளைவுகளை விரல் தொடாத தூரத்தில் நின்று தேடிப் பார்க்கலாம்.

கண்டி அறையில் இருக்கும் சிம்மாசனத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஒல்லாந்த தேசாதிபதி தோமஸ் வான் ரே 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. பொற்றகடு போர்த்திய மரம், கைப்பிடிகளில் சிங்கங்கள், உச்சியில் சூரிய முகம். கடைசியாக அதில் அமர்ந்தவர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். நாயக்கர் வம்சம். கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1815 பெப்ரவரியில் பிடிபட்டார். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் வின்ட்சர் கோட்டையில் இருந்தது. மன்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். 1934இல் குளோஸ்டர் கோமகன் சிம்மாசனத்தையும் முடியையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். கொள்ளைபோன பொருள் திரும்பிவருவது லேசான காரியமல்ல. கண்டியில் 1765இல் ஒல்லாந்தர் எடுத்துப்போன லெவ்கே பீரங்கியும் வேறு ஐந்து பொருள்களும் 2023 டிசம்பரில்தான் நெதர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தன. தாரா தேவியின் அழகிய படிமம் இன்னும் லண்டனில்தான் இருக்கிறது.

கடைசி மன்னர் மலையிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் அங்கே உயிரோடிருந்த காலத்திலேயே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து அதே மலைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டதும், தேசாதிபதி பார்ன்ஸ் கன்னொறுவையில் தோட்டம் போட்டதும் 1820களில். நூதனசாலையின் கீழ்த்தளத்தில் காலவரிசையாக நடந்து வருகிறவர் வரலாற்றுக்கு முந்திய காலம், அநுராதபுரம், பொலன்னறுவை என்று வந்து, கண்டி அறையில் கதை முடியக் காண்பார். நமது கதை தொடங்குவது அங்கேதான். அடுத்த அறை ஒன்று இருக்கவேண்டும். கோப்பியும் தேயிலையும், மாத்தளைப் பாதையும், லயமும் கங்காணியும், 1948இல் பறிபோன பிரஜாவுரிமையும் அந்த அறையில் இருக்கவேண்டும். இந்தக் கட்டடத்துக்குக் காசு தந்த மக்களுக்கு அதில் ஓர் அறை கேட்பது அதிகப்படியான கோரிக்கை என்று நான் நினைக்கவில்லை.

ஓவியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1891இல் தொடங்கிய இலங்கைக் கலைச் சங்கத்தின் முயற்சியில் 1932இல் கலாபவனம் பிறந்தது. 1943இல் லயனல் வென்ட்டைச் சுற்றித் திரண்ட ‘43 குழு’வினர் கல்விக்கூடப் பாணியை உடைத்து நவீன ஓவியத்துக்கு வழி திறந்தார்கள். ஜோர்ஜ் கீற் கண்ணனையும் கோபியரையும் வரைந்தது தனிச் சரித்திரம். இந்தத் தொடருக்குள் அடங்காது.

மலையில் நம்மிடம் என்ன இருக்கிறது? ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் தேயிலை நூதனசாலையாகியிருக்கிறது. உருளை இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லர் நினைவுப்பொருள்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நமது கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள் அறைகளாகிவிட்டன. சுவரையும் ஜன்னல் வரிசையையும் பெரிய எஞ்சினையும் இடிக்காமல் காத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். மலைநாட்டில் எத்தனையோ ஸ்டோர்கள் தகரம் தகரமாகக் கழன்று போய்விட்டன. ஆனால் இவை இரண்டும் தேயிலையின் கதையைச் சொல்பவை. தேயிலைத் தொழிலாளியின் கதையைச் சொல்வதற்கென்று கம்பளைக்குப் பக்கத்தில் நியூ பீக்கொக் தோட்டத்தில் 2007இல் ஓர் இடம் திறந்தார்கள். சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற அமைப்பின் முயற்சி அது. பழைய லயத்துக் காம்பராக்களையே நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், பத்திரங்கள், படங்கள் என்று கைக்கெட்டிய அளவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெரிய மண்டபங்கள் இல்லை. ஆனாலும் பாடசாலைப் பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப்போங்கள், பிறகு கொழும்புக்குப் போங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்முடைய பொருள்கள் ஏன் இவ்வளவு குறைவாக எஞ்சின? இல்லாமையும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், நம்மை ஓரிடத்தில் இருக்கவிடாததுதான். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. நாடற்றிருந்த குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்கள் பெட்டியில் கொண்டபடி பித்தளைச் செம்பையும் சாமிப் படத்தையும் கொண்டுபோனார்கள். மற்றதை விற்றார்கள், அல்லது பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்காணியோடு வந்தவர்கள் கழுத்தில் தகர டிக்கட் கட்டியிருந்தார்கள். சின்னத் தகர வில்லை. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் குத்தியிருக்கும். ஆளுக்கும் ஓர் எண். பெயருக்கு இடமில்லை. நூல் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த எண்ணைக் காட்டியே கப்பலும் ரயிலும் ஏறித் தோட்டம் வந்து சேர்ந்தார்கள். அப்படியொன்று உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் கிடக்கலாம். காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் அணிந்த பழைய உடுப்பும் கிரீடமும், பெரட்டுக்கு அடித்த பழைய தப்பும் கோயில் அறையில் கிடக்கலாம். பிரம்புக் கொழுந்துக்கூடை, கவ்வாத்துக் கத்தி, கறுப்புக் கம்பளி, பிரஜாவுரிமைக்கு எழுதிய மனுவின் பிரதி, இந்தியக் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துப் படம்பிடியுங்கள். யாருடையது, எந்தத் தோட்டத்து எந்த டிவிசன், எந்த ஆண்டளவில் பாவித்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத பொருள் எந்த நூதனசாலைக்குப் போனாலும் பாதி ஊமைதான். கொடுக்க மனமில்லாவிட்டால் வீட்டிலேயே வைத்திருங்கள். படமும் குறிப்பும் போதும்.

2023இல், மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர்கள் மறுபடியும் நடந்தார்கள். அந்தப் பாதையில் எஞ்சியிருக்கும் தடங்களை, மடங்களையும் கிணறுகளையும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலையும், அடுத்த இதழில் பார்ப்போம்.